பொங்கல் வாழ்த்து அட்டையை நீங்களே வடிவமைத்து அச்சிட: கவர் வாங்குவதிலிருந்து தபாலில் சேர்ப்பது வரை

கணினியில் அழகாக வரைந்துவிடுகிறார்கள். அச்சில் வந்ததும் முகம் வாடிவிடுகிறது. அட்டை கவருக்குள் நுழையாது, உள்பக்க வாழ்த்து தலைகீழாக நிற்கும், மடித்த இடத்தில் நிறம் உதிரும். புதிதாகச் செய்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரையில், தவறு பெரும்பாலும் வரைவதில் இல்லை, வேலையைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய நான்கைந்து முடிவுகளைத் தள்ளிப்போட்டுவிட்டு நேராக வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்லியிருப்பது 40 அட்டை அளவிலான வேலைக்கு. மென்பொருள் இங்க்ஸ்கேப். அது இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், தமிழ் எழுத்தை உடைக்காமல் காட்டும். 1.2 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கலாம் என்பதால் அதையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிக்கொள்ளுங்கள். கோரல்டிரா பழகியவர்கள் அதிலேயே செய்யலாம், வரிசை மாறாது.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் காப்புக் கொத்து செருகுகிற காப்புக்கட்டுக்கு முன்னாலேயே அட்டை கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அழகு. அப்படியானால் ஜனவரி 5 வாக்கில் தபாலில் போட வேண்டும், டிசம்பர் கடைசிக்குள் அச்சு முடிந்திருக்க வேண்டும், டிசம்பர் நடுவில் வரையத் தொடங்க வேண்டும்.

ஈரோடானாலும் கோவையானாலும் டிசம்பரில் அச்சுக்கடைகளில் காலண்டர், டைரி வேலை நெரிக்கும். தை முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகளும் மார்கழியிலேயே அச்சேறும். 20 தாள் வேலையோடு கடைசி நேரத்தில் போய் நின்றால் ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள். காலையில் கடை திறந்த கையோடு போங்கள்.

2. முதலில் கவர், பிறகுதான் அளவு

அட்டையை முடித்துவிட்டுக் கவர் தேடாதீர்கள். நமக்குத் தோன்றிய அளவுக்குக் கடையில் கவர் இருக்காது. கவரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற அட்டையை முடிவு செய்யுங்கள்.

எளிதான வழி ஏ6 அட்டை. மடித்த பின் 105 × 148 மிமீ. இதற்குச் சரியான கவரின் பெயர் சி6, அளவு 114 × 162 மிமீ. ஸ்டேஷனரிக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் சில இடங்களில் புரியாது, ஸ்கேலைக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். அட்டையைவிட நீளத்திலும் அகலத்திலும் குறைந்தது 6 மிமீ பெரிதாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை மடிப்பின் தடிமனால் உள்ளே போகும்போதே கவரைக் கிழிக்கும்.

கவரை 45 ஆக வாங்குங்கள். முகவரி தப்பாக எழுதுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

3. வீட்டுப் பிரிண்டரா, கடையா?

இதையும் வரைவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் பக்க அமைப்பே வேறு.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் தாளின் விளிம்புவரை அச்சிடாது, சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெள்ளையாக விட்டுவிடும். ஆகவே வீட்டில் அச்சிடுவதானால் வெள்ளை ஓரம் வைத்தே வடிவமைக்க வேண்டும். தாளும் 180 முதல் 220 ஜிஎஸ்எம் போதும். உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் வாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். பின்பக்கமிருந்து தாள் இழுக்கும் பிரிண்டரானால் தடித்த தாள் சிக்காமல் வரும்.

கடையில் டிஜிட்டல் பிரிண்ட் போட்டால் 300 ஜிஎஸ்எம் போர்டில் விளிம்புவரை நிறம் கிடைக்கும். வெட்டிக் கொடுப்பார்கள், மடிப்புக் கோடு அழுத்தும் கிரீசிங்கும் போட்டுக் கொடுப்பார்கள். 40 அட்டைக்கு என் தேர்வு கடைதான். 10, 15 போதுமென்றால் வீட்டிலேயே செய்யலாம்.

தாள் வாங்குவதில் எப்போதும் பார்க்கிற தவறு ஒன்று: பளபளப்பான ஆர்ட் கார்டை வாங்கி வீட்டு இங்க்ஜெட்டில் போடுவது. அந்தப் பூச்சு டோனருக்கும் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) ஆஃப்செட் மைக்கும் ஆனது. இங்க்ஜெட் மையை உறிஞ்சாது, விரல் பட்டதும் இழுவிக்கொள்ளும். வீட்டுக்கு மேட் இங்க்ஜெட் தாள் அல்லது பூச்சில்லாத தடித்த தாள் என்று கேட்டு வாங்குங்கள்.

4. வெறும் தாளில் ஒரு மாதிரி மடியுங்கள்

ஐந்து நிமிட வேலை. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு மொத்தத்தையும் திரும்ப அச்சிடுகிறார்கள்.

ஒரு ஏ4 தாளைச் செங்குத்தாக வையுங்கள். குறுக்கே பாதியாகக் கிழித்தால் இரண்டு ஏ5 துண்டுகள். ஒரு துண்டைப் படுக்கைவாக்கில் வைத்து இடமும் வலமும் சேரும்படி மடித்தால் அதுதான் உங்கள் அட்டை. இப்போது பென்சிலால் முகப்பில் ‘முன்’, முதுகில் ‘பின்’, உள்ளே ‘உள்-இடம்’, ‘உள்-வலம்’ என்று எழுதுங்கள். பிரித்துப் பாருங்கள்.

வெளிப்பக்கத்தில் ‘முன்’ வலது பாதியிலும் ‘பின்’ இடது பாதியிலும் இருக்கும். முகப்பை இடது பாதியில் வரைந்துவிடுவது சகஜமான பிழை. அப்படி வரைந்தால் அட்டை திரும்பிக்கொண்டு, படம் முதுகுக்குப் போய்விடும். இந்த மாதிரித் தாளை வேலை முடியும்வரை கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கடைக்காரரிடம் விளக்கவும் இதுதான் கைகொடுக்கும்.

5. பக்கத்தை அமைப்பது

டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில் முதல் வேலையாக அலகை மிமீ ஆக்குங்கள். பிக்சலில் விட்டுவைத்தால் பிறகு எந்த அளவும் உங்கள் ஸ்கேலோடு ஒத்துவராது.

கடைக்கு: பக்கம் 210 × 148 மிமீ. நிறம் விளிம்புவரை போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மிமீ வெளியே நீட்டி வரையுங்கள். இதை ப்ளீட் என்பார்கள். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியாமலிருக்கத்தான் இது. ஒரு பெரிய தாளில் எத்தனை அட்டை அடுக்குவது என்பதைக் கடையில் பார்த்துக்கொள்வார்கள், ஒற்றை அட்டையைக் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு: பக்கம் ஏ4, செங்குத்து. 148.5 மிமீயில் படுக்கைக் கோடு ஒன்று, 105 மிமீயில் செங்குத்துக் கோடு ஒன்று, வழிகாட்டிக் கோடுகளாக இழுத்துவிடுங்கள். மேல் பாதியில் ஒரு அட்டையை முழுதாக முடியுங்கள். கீழ்ப் பாதிக்கு அதைக் காப்பி எடுக்காமல் குளோன் செய்யுங்கள், ஆல்ட் விசையோடு டி. அப்புறம் மேலே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் கீழே தானாகத் திருந்திவிடும். காப்பி எடுத்தவர்கள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த வழியானாலும் எழுத்தும் முக்கியமான படமும் வெட்டும் விளிம்பிலிருந்து 5 மிமீ உள்ளே இருக்கட்டும். விளிம்பை ஒட்டி மெல்லிய சட்டம் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். வெட்டில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சட்டம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிப்பக்கம் முதல் பக்கம், உள்பக்கம் இரண்டாம் பக்கம் என ஒரே கோப்பில் வையுங்கள்.

6. படம்: காப்புக் கொத்தை வரைவோம்

பானை, கரும்பு, சூரியன் படங்கள் எல்லா ஆயத்த வார்ப்புகளிலும் கிடைக்கும். நம் கைப்பட 40 பேருக்கு அனுப்புகிறோம் என்றால் நம் ஊர் தெரிய வேண்டும். காங்கேயம் காளை, கிளுவை வேலி, பட்டிப் பொங்கலான மாட்டுப் பொங்கலுக்குப் பட்டியில் போடும் சிறு தெப்பக்குளம் என்று எத்தனையோ இருக்கின்றன. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது காப்புக் கொத்து: ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டியது. சிறிய உருவங்கள், திரும்பத் திரும்ப வருபவை, பிழை பெரிதாகத் தெரியாது.

டிசம்பரில் சந்தைக்குக் காப்பு வந்திருக்காது. வேலியோரம், தரிசுக்காட்டுப் பக்கம் போய் வகைக்கு ஒரு கொத்து ஒடித்து வாருங்கள். ஆவாரம்பூ சீக்கிரம் வாடிவிடும், வந்ததும் வெள்ளைத் தாளில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில், கைப்பேசியை நேர்மேலே பிடித்துப் படம் எடுங்கள். சாய்வாக எடுத்தால் ஒரு பக்க இதழ் குறுகிவிடும். இணையத்தில் கிடைக்கிற படம் வேண்டாம். அது வேறொருவருடையது, போதாததற்கு அச்சுக்கு வேண்டிய கூர்மையும் இருக்காது. ஏ6 முகப்பு முழுக்க ஒளிப்படம் வைப்பதானால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1240 × 1748 பிக்சல் வேண்டும்.

எடுத்த படத்தை இங்க்ஸ்கேப்பில் கீழடுக்கில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலடுக்கில் வளைகோடு வரையும் பெசியே கருவியால் ஒரே ஒரு இதழை வரையுங்கள். ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ். வரைந்த இதழை இரண்டாம் முறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகளும் நடுவில் ஒரு சிலுவைக் குறியும் வரும். அந்தக் குறியை இழுத்துப் பூவின் மையத்தில் வையுங்கள். பிறகு டூப்ளிகேட் எடுத்து 72 பாகை சுழற்று, இன்னொன்று எடு, சுழற்று. ஐந்தாவதில் வட்டம் மூடும். குறியை நகர்த்தாமல் சுழற்றினால் இதழ் நின்ற இடத்திலேயே சுற்றும், பூ வராது. இங்கேதான் பலரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இப்படி வந்த பூ கச்சிதமாக, பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். நிஜ ஆவாரம்பூவில் இதழ்கள் ஒரே அளவில்லை, ஓரம் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு இதழிலும் இரண்டு மூன்று புள்ளிகளைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். நடுவிலிருந்து வளைந்து நீளும் மகரந்தத் தண்டுகளைப் போட்டதும் பூ உயிர் பெற்றுவிடும்.

வேப்பிலைக்கு ஓரத்தில் ரம்பப் பல். இலை லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கும், நேர்கோட்டில் வரைந்தால் வேறேதோ இலையாகிவிடும்.

பூளைப்பூதான் சிக்கல். அது வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படிக் காட்டுவது? முகப்பில் சாம்பல் கலந்த பச்சையோ மண் சிவப்போ பின்னணி கொடுங்கள். அதன்மேல் சின்னச் சின்ன பஞ்சு உருண்டைகளைத் தண்டைச் சுற்றி நெருக்கமாக அடுக்குங்கள். ஓரத்தில் கருப்புக் கோடு போட்டு வெள்ளையைக் காட்ட முயன்றால் அந்தப் பஞ்சுத்தன்மை போய்விடும்.

அந்தப் பின்னணி மடிப்புக்கோட்டைத் தொட வேண்டாம். 4 மிமீ முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். அழுத்தமான நிறம் மடிப்பின்மேல் போனால், மடித்ததும் அந்த இடத்தில் நிறம் வெடித்து வெள்ளைத் தாள் தெரியும்.

கோலம் வைக்க விரும்புகிறவர்கள் தாளில் கருப்பு மையால் போட்டுப் படமெடுத்து, பாத் மெனுவில் உள்ள, படத்தைக் கோடாக மாற்றும் டிரேஸ் பிட்மேப்பில் கொடுக்கலாம். பென்சில் கோடு சரியாகப் பிடிபடாது.

7. தமிழ் எழுத்து

யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியில் அடித்துக் கணினிக்கு அனுப்பி ஒட்டினாலும் சரி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை ஒட்டினால் சம்பந்தமில்லாத குறிகளாக வந்து நிற்கும்.

எழுத்துரு: தலைப்புக்குப் பாலூ தம்பி, காயினி, கவிவனார். வாழ்த்து வரிகளுக்கு முக்த மலர், நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை. எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஒரு அட்டைக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் வசதியைத் தமிழில் தொடாதீர்கள். சில மென்பொருள்களில் துணைக்காலும் கொம்பும் தங்கள் எழுத்தைவிட்டுத் தள்ளிப்போய் நிற்கும். வரி இடைவெளியை மட்டும் 1.4 அளவுக்குக் கூட்டுங்கள். மேல்வரியின் ‘ழு’, ‘கூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘தீ’, ‘வி’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்களுக்குக் கொம்பு இடம் மாறி நின்றால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கிவிட்டுப் புது எழுத்துப் பெட்டியில் அடித்துப் பாருங்கள்.

வாழ்த்து குறைவாக இருந்தால் போதும். உள்-வலத்தில் மேல் பாதியில், ‘பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக’ என்று மாட்டுப் பொங்கலில் சொல்கிற வரியைப் பெரிதாக வைத்துவிட்டு, கீழ்ப் பாதியை வெறுமையாக விடுங்கள். பெறுகிறவர் பெயரையும் உங்கள் கையெழுத்தையும் அங்கே பேனாவால் எழுதலாம். 40 பெயரையும் கணினியிலேயே அச்சிட முடியும்தான். ஆனால் கையால் எழுதிய இரண்டு வரிக்காகத்தான் பெரியம்மாவும் மாமாவும் அட்டையை எடுத்து வைத்திருப்பார்கள்.

8. பிடிஎஃப் எடுப்பது

முதலில் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அடித்தவர் கண்ணுக்கு விட்டுப்போன ஒற்று தெரியாது.

பிறகு ‘சேவ் எ காப்பி’ கொடுத்து பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். வருகிற பெட்டியில் எழுத்தைப் பாத் (வரைகோட்டு உருவம்) ஆக மாற்றும் தேர்வைக் குறியிடுங்கள், தெளிவை 300 டிபிஐ ஆக்குங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. மாற்றாமல் கொடுத்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், அல்லது உடைந்துபோகும். கடையில் இதையே ‘கர்வ்ஸ் பண்ணி எடுத்துட்டு வாங்க’ என்பார்கள். மூலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இங்க்ஸ்கேப் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில், அதாவது திரைக்கான நிற முறையில் வரும். டிஜிட்டல் பிரிண்டர் அதை ஏற்றுக்கொள்ளும். கண்டிப்பாக அச்சு மைக்கான சிஎம்ஒய்கே வேண்டும் என்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடுக்கி எடுக்க வேண்டும். திரையில் ஒளிர்கிற பச்சையும் ஆரஞ்சும் தாளில் மங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

9. அச்சு

ஒரே ஒரு தாள். அதை வெட்டி, மடித்து, கவருக்குள் போட்டுப் பார்த்த பிறகுதான் மீதி. கடையிலும் கேளுங்கள்: ‘அண்ணா, மொதல்ல ஒண்ணு மட்டும் பேக் டு பேக் போட்டுக் குடுங்க, பார்த்துட்டுச் சொல்றனுங்க.’ மறுக்க மாட்டார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அளவு ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100% இருக்க வேண்டும். ‘ஃபிட் டு பேஜ்’ விட்டுவிட்டால் எல்லாம் சற்றே சுருங்கி, மடிப்புக்கோடு நடுவைவிட்டு நகர்ந்துவிடும். அடுத்தது, செங்குத்து ஏ4-இல் இருபக்கமும் அச்சிட ‘ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்’. ஷார்ட் எட்ஜ் கொடுத்தால் உள்பக்கம் தலைகீழ்.

கையால் திருப்பிப் போடுவதானால் முதல் பக்கத்து மை நன்றாகக் காயட்டும். மார்கழிப் பனியில் தாள் ஈரம் வாங்கிச் சுருளும், ஆகவே தாள் கட்டை அச்சிடும்போது மட்டும் பிரியுங்கள். 40 அட்டைக்கு 20 தாள், வீணாவதற்கு 4 தாள் சேர்த்து 24.

10. முதலில் மடிப்புக் கோடு, பிறகு வெட்டு

எல்லோரும் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கோடு போடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஏ4 முழுதாக இருக்கும்போதே 105 மிமீயில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு அழுத்திவிட்டால் இரண்டு அட்டைக்கும் சேர்த்து ஆகிவிடும், இரண்டும் ஒரே நேரில் இருக்கும். அதற்குப் பிறகு 148.5இல் வெட்டுங்கள்.

கோட்டுக்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் போதும், அடியில் பழைய காலண்டர் அட்டை. வெளிப்பக்கத்தில் அழுத்துங்கள். பள்ளம் வெளியே, மேடு உள்ளே இருக்கும்படி மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் நார்கள் இழுபட்டுப் பிளக்கும்.

தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. வெட்டாத தாளை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதற்கு இணையாக மடிப்பு வந்தால் சுத்தமாக மடியும். ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் நார் ஓடும், நம் மடிப்பும் அதே திசைதான். கடையில் பெரிய தாளில் அடுக்கும்போது இது மாறக்கூடும், அதனால் 300 ஜிஎஸ்எம் போர்டுக்குக் கிரீசிங் மெஷினில் கோடு போட்டுத் தரச் சொல்லிவிடுங்கள்.

மடித்தவற்றைக் கட்டாக அடுக்கி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். இல்லாவிட்டால் வாய் பிளந்தபடியே நிற்கும்.

11. எழுதி, கவரில் போட்டு

முகவரிகளை முதலிலேயே ஒரு தாளில் பட்டியலிட்டு, 6 இலக்கப் பின்கோடு சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பான போர்டானால் ஜெல் பேனா காயாமல் இழுவும், பால்பாயின்ட் எடுங்கள்.

300 ஜிஎஸ்எம் ஏ5 தாள் ஒன்றின் எடை சுமார் 9.4 கிராம். கவரோடு சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்தின் முதல் படியான 20 கிராமுக்குள் அடங்கிவிடும். உள்ளே குடும்பப் படம், இன்னொரு அட்டை என்று சேர்த்தால் தாண்டக்கூடும். அப்படிச் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை அஞ்சலகத்தில் எடை போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தபால்தலை ஒட்டுங்கள்.

அட்டையின் மடிப்புப் பக்கம் முதலில் போகும்படி கவரில் நுழைத்துவிடுங்கள், திறந்த பக்கம் கவரின் விளிம்பில் மாட்டாது. பட்டியலில் இருக்கும் வெளிமாநிலக் கவர்களை முதலில் முடித்துத் தபாலில் சேர்த்துவிடுங்கள். பக்கத்து ஊர்களுக்கானவை இரண்டு மூன்று நாள் கழித்துப் போனாலும் காப்புக்கட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.